இரண்டு தலைவாசல் வைத்த வீடு

மக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. அந்த வாரம் முழுவதும் நான் கோபமாக இருந்தேன் என்று நினைத்துவிடாதே. முதலில் கொஞ்சம் இருந்தேன். பிறகு, காய்ச்சல் வந்து விடுதி அறையில் தனியாகப் படுத்துக் கிடந்ததாக நீ எழுதிய வரி நினைவுக்கு வந்தது, கோபம் போய்விட்டது. மெட்ராஸ் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. உன் மாமா வரும்போது நல்லமிளகும் சுக்கும் பொடித்து ஒரு டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன், கூச்சப்படாமல் வாங்கிக்கொள். இந்தக் கடிதத்தை உன் அறைத் தோழர்களுக்கு வாசித்துக் காட்டினாலும் எனக்குப் பரவாயில்லை. ஊரே பார்க்க நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

உன் கடிதத்தில் பாதி, வகுப்பில் படிக்கிற அமெரிக்க நாவலைப் பற்றியது. ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்த ஒருவன், சட்டம் தடுத்த வியாபாரத்தில் பணம் சேர்த்து, ஒரு பெண்ணின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே மாளிகை வாங்குகிறான். அந்த மாளிகையும் காரும் பட்டுச் சட்டைகளும் வெறும் பொருள்கள் அல்ல, குறியீடுகள் என்று உங்கள் பேராசிரியர் சொன்னாராம். ஒவ்வொன்றும் தனக்கு அப்பால் வேறொன்றைச் சொல்கிறதாம். அதைச் சத்தமாக வாசித்தபோது உன் அப்பா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "இதப் படிக்க மெட்ராசு வர போணுமா? பாறசாலைச் சந்தையில ஒரு நாளு நிண்ணாப் போராதா?" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான். ஆனால் சொன்னதில் தவறில்லை.

மறுபாதி ஞானமுத்து முதலாளியைப் பற்றியது. தேங்காய் வியாபார விஷயமாக மெட்ராஸ் வந்தவர் உன்னை விடுதியில் தேடிப் பிடித்து, காரில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, தன் மகளைத் தருகிறேன் என்று சொன்னாராம். திருவனந்தபுரத்தில் ஒரு வீடு, நீ சட்டம் படிக்க சீமைக்குப் போகும் செலவு, திரும்பி வந்தால் ஓட ஒரு கார். "வறுமை போதும் அம்மா. நானும் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்" என்று முடித்திருந்தாய்.

வறுமை போதும் என்று நீ எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. வறுமையை நல்ல குணம் என்று சொல்லி உன்னை நான் வளர்க்கவில்லை. வேதபாடத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் நெய் ஊற்றிச் சாப்பிட்டவர்கள். கல்லூரியில் சேர்க்கப் போன அன்று நீ வெறுங்காலோடு வராந்தாவில் நின்றாய். செருப்புப் போட்ட பிள்ளைகள் வரும்போதெல்லாம் ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்தாய். நான் பார்த்தேன். பார்க்காததுபோல் தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்த வெட்கம் உன்னுடையது அல்ல மக்கா. ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கும் போராட்டம் போராட்டம் என்று அலைகிறவருக்கும் பிறந்த பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்க வக்கில்லாத நாட்டுடையது. நீ நன்றாக வாழ வேண்டும். செருப்புப் போட வேண்டும், காரிலும் போக வேண்டும். யாருடைய காரில் என்பதுதான் என் பேச்சு.

முதலாளி மாட்டுவண்டி ஓட்டியவர் என்பது எனக்குக் குறைவே இல்லை. சுமை தூக்கியவன் மெத்தையில் படுத்தால் சந்தோஷப்படுகிறவள் நான். அரிசிக் கட்டுப்பாடு இருந்த வருடங்களில் அவர் வண்டிகள் ஆரல்வாய்மொழிச் சுங்கச்சாவடியைத் தாண்டி வந்தன. மேலே வைக்கோல், அடியில் அரிசி. அந்த அரிசி நம் ஊருக்கு வரவில்லை, வடக்கே அதிக விலை கொடுத்தவர்களுக்குப் போயிற்று. இங்கே ரேஷன் கடையில் கல்லும் புழுவும். என் வகுப்பில் முதல் மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் பெஞ்சில் தலையைச் சாய்த்துவிடும். பாடம் நடத்துவதா, மோர்த்தண்ணீர் கொடுத்து எழுப்புவதா என்று நின்றவள் நான். அடுத்த வருடமே நம் சபை அவரை முன் பெஞ்சில் உட்கார வைத்தது. வேதக்கோயிலுக்குப் புது மணி வந்தது. அந்த மணி அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பசித்த பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். உங்கள் பேராசிரியரிடம் கேள், இதுவும் குறியீடுதானா என்று.

அவர் வீட்டை நீ வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாய். அது கட்டப்பட்ட கதை உனக்குத் தெரியாது, அப்போது நீ மெட்ராஸ் போய்விட்டாய். எல்லைச் சண்டை சூடாக இருந்த நேரம். நம் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளப் பக்கமே நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. தலைவாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று கொத்தனார் கேட்டிருக்கிறார். தெற்கே களியக்காவிளையைப் பார்த்தா, வடக்கே திருவனந்தபுரத்தைப் பார்த்தா? முதலாளி யோசித்துப் பார்த்து, "ரெண்டு பக்கமும் வையும் ஓய். கமிஷன் முடிவு சொல்லட்டு, அதுக்குப் பொறவு எது மொகம், எது முதுகுண்ணு பாக்கலாம்" என்றாராம். அப்படியே இரண்டு பக்கமும் தேக்குக் கதவு, இரண்டு பக்கமும் தூண், படி, சிங்க முகம். தெற்கு வாசலுக்கு மேல் தமிழில் பெயர், வடக்கு வாசலுக்கு மேல் மலையாளத்தில். உலகத்தில் எந்தப் பணக்காரனுக்கும் இப்படி ஒரு வீடு எடுக்கத் தோன்றியிருக்காது. இந்த மண்ணில்தான் தோன்றும்.

உன் அப்பாவின் முழங்கால் முட்டு உடைந்த நாளில் அந்த வீடு தன் வேலையைச் செய்தது. காலையில் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் தெற்குப் பக்கமாகப் போனபோது முதலாளி தெற்கு வாசலில் நின்று எல்லாருக்கும் சம்பாரம் கொடுத்தார். பச்சைமிளகாய் தட்டிப் போட்ட நல்ல மோர். உன் அப்பாவும் இரண்டு குவளை குடித்தார். மத்தியானம் தடியடி. சாயங்காலம் அதே வீட்டின் வடக்கு வாசலில் போலீஸ்காரர்களுக்குச் சாயாவும் பழம்பொரியும் நடந்தது. உன் அப்பாவைச் சாக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் போய்க் கேட்டார்கள். முதலாளி கொஞ்சமும் முகம் மாறவில்லை. "ரெண்டு கூட்டரும் எனக்கு வேண்டியவங்களாக்கும். தாகிச்சு வந்தவனுக்கு வெள்ளம் கொடுக்காண்டாமா?" என்றாராம். உன் அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எனக்க முட்டுக்கும் போலீசுக்க தடிக்கும் ஒரே அடுக்களையாக்கும்." எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தெற்கே போலீஸ் சுட்டு ஆட்கள் செத்த அந்த வருடத்தில், அடி கொடுத்தவனும் அடி வாங்கியவனும் பிணமும் போலீசும் ஒரே வீட்டுக்கு லாபம் ஆகும் என்று நான் கண்டுகொண்டேன்.

இப்போது முடிவு தெரிந்துவிட்டது. களியக்காவிளைக்குத் தெற்கே அந்தப் பக்கமாம், நாம் இந்தப் பக்கமாம். உன் அப்பா அன்று கட்டிலை விட்டு எழவே இல்லை. என் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் முதலாளிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த மாதமே தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார். கதவை எடுத்து விற்றாயிற்று. தூணும் படியும் சிங்கமும் மட்டும் நிற்கின்றன, ஏறினால் சுவரில் முட்டும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து பந்தலில் காணிக்கைப் பொருள்கள் ஏலம். உனக்குத் தெரியும், நம் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் பூசணிக்காயின் விலைக்குப் போகாது, கேட்கிறவனின் மீசை விலைக்குப் போகும். மரச்சீனிக் கிழங்கு தோண்டக் கூலிக்குப் போகிற தங்கம்மை ஒரு சேவல் கொண்டுவந்திருந்தாள். சபைக் காரியதரிசி அதன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்.

"சேவல் ஒண்ணு! தங்கம்மைக்க வீட்டுச் சேவல்! நேரம் வெளுக்க முன்ன கூவுத சேவலாக்கும்! ஆரு கேக்குதீங்க?"

"பேதுரு கேட்ட சேவலா ஓய்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பாத்து, மூணு மட்டம் மறுதலிச்சவங்க ஆரெங்கிலும் முன் பெஞ்சில இருந்தா அழுதுப்போடுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், பிறகு கேட்கத் தொடங்கினார். யார் கேட்டாலும் அதற்கு மேல் கேட்டார். கடைசியில் தங்கம்மை வருடம் முழுவதும் தோண்டினாலும் கிடைக்காத தொகையில் வந்து நின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் சேவல்தானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"ஆருக்க பேரில எழுதணும் முதலாளி?"

முதலாளி எழுந்து நின்று பெண்கள் பக்கம் பார்த்தார். "எனக்க மருமகனுக்க பேரில. மெட்ராசில படிக்குத, நம்ம டீச்சருக்க மவனுக்க பேரில!"

நம் சபையில் பேர் சொல்லி ஏலம் எடுப்பதன் அர்த்தம் உனக்குத் தெரியும். யார் பேரில் எடுக்கிறார்களோ அவருடைய வீட்டார் எழுந்து போய்க் கைநீட்டி வாங்க வேண்டும். போதகர் ஐயர் அந்தப் பேரைச் சொல்லி ஜெபிப்பார். ஜெபித்த பேரைப் பிறகு யாரும் மாற்றிச் சொல்வதில்லை. முதலாளி ஒரு சேவலை வைத்து உன் நிச்சயதார்த்தத்தை முடிக்கப் பார்த்தார். காரியதரிசி அதைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்துவிட்டார்.

"வாங்கணும் டீச்சரே. ஐயரு காத்து நிக்குதாரு."

வாங்கினால் உன்னைக் கொடுத்ததாகும். வாங்காவிட்டால் தேவனுக்குப் படைத்ததைத் தள்ளியதாகும். உன் அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து சேவலை வாங்கினேன். வாங்கி, காரியதரிசியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "கோயிலுக்கே இருக்கட்டு. மறுபடியும் ஏலம் விடும்" என்றேன். எடுத்ததைத் திரும்ப ஏலத்துக்கு விடுவது நம் ஊரில் பெரிய தர்மம், அதை யாரும் தப்புச் சொல்ல முடியாது. தப்புச் சொல்லவும் இல்லை.

மறு ஏலம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காரியதரிசி இரண்டு தடவை கூவினார், யாரும் கேட்கவில்லை. முதலாளி எடுத்து, திருப்பப்பட்ட பொருளை யார் கேட்பார்கள்? பாதிப்பேர் அவர் தோப்பில் வேலை செய்கிறவர்கள். சேவல் தலைகீழாகச் சிறகடித்தது. முதலாளி தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் எழுந்தார். மறுபடியும் உன் பேரைச் சொல்லத்தான் எழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"காலணா. எனக்க பேரில."

முதலாளியின் மகள் எஸ்தர். நம் ஏலத்தில் பெண்பிள்ளை கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஏட்டி! இரி அங்க!" என்றார் முதலாளி.

"ஏலமாக்கும் அப்பா. வேணுமெங்கி மேல கேளுங்க."

கேட்டால் மகளோடு போட்டி போட்டதாகும். கேட்காவிட்டால் தோற்றதாகும். அவர் அந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் நம் காரியதரிசி, அவருக்கும் முதலாளியின் மேல் ஏதோ மனக்குறை இருந்திருக்க வேண்டும், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். ஐயர் எஸ்தரின் பேரை மட்டும் சொல்லி ஜெபித்தார். அன்று மத்தியானமே சேவலைக் கறிவைத்தார்களாம். அவள் அப்பாவும் இரண்டு துண்டு சாப்பிட்டார் என்று கேள்வி.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எஸ்தர் என்னைத் தேடி வந்தாள். என்னிடம் நாலாம் வகுப்பு வரை படித்தவள், இப்போது செங்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. பெஞ்சில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று நின்றாள்.

"டீச்சருக்குக் கோவமா?"

"எனக்கு எதுக்குக் கோவம் பிள்ளே? நீ என்னையல்லா காப்பாத்துனே."

"டீச்சருக்காகச் செய்யல்ல. எனக்க கல்யாணமாக்கும், கோழிக்கு மேல ஏலம் போறதா?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவரு அப்பாகிட்ட சம்மதம் சொல்லியாச்சாம். டீச்சருக்கும் எழுத்து வந்திருக்குமே. என்னப் பத்தி என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டாள்.

உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. அதை எடுக்கக் கை போயிற்று, நின்றுவிட்டது. திருவனந்தபுரத்து வீட்டில் எத்தனை அறை என்று நீ எழுதியிருந்தாய். காரின் நிறம் எழுதியிருந்தாய். கப்பலில் எந்த வகுப்பில் போவாய் என்றுகூட எழுதியிருந்தாய். எஸ்தரைப் பற்றி, "பெண்ணும் நல்லவள்தானே அம்மா" என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான்.

"இனி எழுதுவான்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அப்பம் எழுதல்ல."

அவளே தொடர்ந்தாள். "டீச்சருக்குத் தெரியாது. கட்டுப்பாட்டுக் காலத்துல நான் தூக்குப்பாத்திரத்துல சோறு கொண்டு வருவேன். மத்தப் பிள்ளைகளெல்லாம் மரச்சீனிக் கிழங்கு. என் பக்கத்துல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க, கிணத்துக்குப் பொறத்த தனியா இருந்து தின்பேன். அவரு மட்டும் வந்து இருந்தாரு. கிழங்க எனக்குத் தந்துட்டு எனக்க சோத்த வாங்கித் தின்பாரு. சோத்துக்குத்தான் வாறாருண்ணு எனக்கு அப்பமே தெரியும். ஆனாலும் ஒருத்தரு பக்கத்துல இருந்தாருல்லா, அதனால தினமும் நெறயக் கொண்டுவருவேன்." முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "எனக்கு அவரக் கல்யாணம் கெட்ட இஷ்டமுண்டு டீச்சர். மறைக்கல்ல. ஆனா இந்த மட்டம் சோத்துக்கு வராண்டாம். அப்பாகிட்ட ஒண்ணும் வாங்காம வருவாரெங்கி நான் வாறேன். எனக்கு ஒரு வேல உண்டு, அவருக்குப் படிப்பு உண்டு. இல்லெங்கி, வரமாட்டேண்ணு சொல்லட்டு. நான் ஒண்ணும் செத்துப்போவமாட்டேன்."

மக்கா, நீ கிணற்றடியில் சோறு தின்றாய் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. அதற்காக உன்னைத் திட்டமாட்டேன். பசித்த பிள்ளை தின்றது. நான் கொடுக்க முடியாததை இன்னொரு குழந்தை கொடுத்திருக்கிறது. ஆனால் இப்போது உனக்கு அந்தப் பசி இல்லை. இப்போதும் அவளைத் தாண்டி அவள் கையில் இருக்கிற பாத்திரத்தையே பார்த்தால், அது பசி ஆகாது.

அந்த அமெரிக்கக் கதையில் வருகிறவன் அந்தப் பெண்ணை உண்மையில் பார்க்கவே இல்லை, அவளை வைத்துத் தன் கனவைத்தான் பார்த்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். பரீட்சையில் இதை எழுதினால் நல்ல மதிப்பெண் கிடைக்கும். அதே தாளின் பின்பக்கத்தில் கார் நிறத்தை எழுதினாயே, கை கூசவில்லையா? வீடு குறியீடாகலாம், கார் குறியீடாகலாம். எஸ்தர் ஆக மாட்டாள். அவள் காலணா கொடுத்து உன் பேரை ஊர் வாயிலிருந்து மீட்டுத் தந்தவள்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, அதை மறைக்கவில்லை. அவள் அப்பாவை எனக்கு ஒருநாளும் பிடிக்காது. இந்த இரண்டையும் நான் தூக்கிக்கொள்வேன், நீ கவலைப்படாதே. நீ சீமைக்குப் போகாமல் மெட்ராஸிலேயே சட்டம் படித்தாலும் வக்கீல்தான். பகல் வேலை பார்த்து மாலை வகுப்புக்குப் போகிறவர்களும் உண்டு என்று உன் மாமா சொல்கிறான். வாடகை வீடு, பழைய கட்டில், எஸ்தரின் சம்பளம், உன் சம்பளம். முதல் இரண்டு வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்லமாட்டேன். உன் அப்பாவிடம் கேட்டேன். "ஒரு வாசல் உள்ள வீடுண்ணா நான் முட்டு மடக்க முடியாட்டாலும் வந்து இருப்பேன்" என்கிறார்.

எனக்குப் பதில் எழுதாதே. இந்த முறை அவளுக்கு எழுது. அவள் அப்பா வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், செங்கல் பள்ளிக்கூடத்துக்கு எழுது. அவளைப் பற்றி எழுது. எழுத ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்று எழுது. அவள் தாங்கிக்கொள்வாள். நான்தான் கொஞ்ச நாள் உன்னோடு பேசமாட்டேன். அப்புறம் உனக்கு மறுபடியும் காய்ச்சல் என்று எவராவது வந்து சொல்வார்கள், பேசிவிடுவேன்.

உன் அம்மா